தாளிக்கிற வரிசை

சென்ற ஆண்டு ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலையில் இடியாப்பம் என்று முதல் நாளே முடிவாகியிருந்தது. அம்மா அடுப்பில் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டு, சமையல் மேடைக்குக் கீழே இருக்கும் அலமாரிக்குள் கையை விட்டு அரிசி மாவு டப்பாவை எடுத்தாள். அகலமான பாத்திரத்தில் மாவைக் கொட்டி, உப்புப் போட்டு, கரண்டிக் காம்பால் கிளற ஆரம்பித்தாள். பின்னால் நின்றிருந்த என் மனைவியின் கண் தற்செயலாக டப்பாவின் மேல் விழுந்தது. அது அரிசி மாவு இல்லை. கரப்பான் பூச்சிக்காக வாங்கி வைத்திருந்த போரிக் பவுடர்.

தில்லியில் குடியிருப்பவர்களுக்கு இந்தப் பவுடரைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. கோதுமை மாவும் சர்க்கரையும் சேர்த்துப் பிசைந்து, சிறு உருண்டைகளாக உருட்டி மூலைக்கு மூலை வைப்போம். பார்வைக்கு அரிசி மாவு போலவே வெள்ளை வெளேரென்று இருக்கும். கையில் எடுத்தால் கொஞ்சம் வழவழக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அதையும் மாவையும் ஒரே மாதிரி டப்பாக்களில், ஒரே அலமாரியில் வைத்திருந்தது யார் குற்றம் என்று பிறகு நீண்ட விவாதம் நடந்தது. டப்பாக்களை வாங்கியவன் நான். அலமாரியில் வைத்ததும் நான்தான்.

அம்மாவுக்கு 76 வயது. மூன்று வருடங்களாக விழித்திரையின் நடுப்பகுதி தேய்ந்து வருகிறது. சுற்றிலும் இருப்பவை தெரியும். நேரே பார்க்கிற இடம்தான் தண்ணீர் பட்ட எழுத்து மாதிரி கலங்கிப்போயிருக்கும். வாசலில் ஆள் நிற்பது தெரியும், முகம் தெரியாது. அலமாரியில் டப்பா இருப்பது தெரியும், அதன் மேல் ஒட்டிய சீட்டு தெரியாது. தேய்மானத்தின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், போனதைத் திரும்பக் கொண்டுவர முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அன்றைக்கு மனைவி சொன்னது ஒரே வாக்கியம். “அத்தை, இனிமே நீங்க அடுப்படிக்கு வர வேண்டாம், நான் பாத்துக்கிறேன்.” கோபமாகச் சொல்லவில்லை. பயந்துபோய்ச் சொன்னாள். வீட்டில் எட்டு வயதுக் குழந்தை இருக்கிறது. அவள் சொன்னதில் தப்புச் சொல்ல முடியாது.

அம்மா பதில் பேசவில்லை. பால்கனி நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு வந்த நாட்களில், இன்றைக்கு என்ன சமையல் என்று கேட்பதையே விட்டுவிட்டாள். 55 வருடங்களாக ஒருத்தி தினமும் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி ஒரு நாள் நின்றுபோனால், அந்த மௌனம் வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்.

எங்கள் சமையலறை ஏழு அடிக்கு ஆறு அடி. அடுக்கு மாடிக் குடியிருப்புகளில் வளர்ந்தவர்களுக்கு அளவைச் சொன்னாலே படம் கிடைத்துவிடும். ஒரு சுவரை ஒட்டி இரண்டடி அகல மேடை. அதன் கீழே கதவு போட்ட அலமாரி. அந்த அலமாரியின் ஆழம் 21 அங்குலம். வியாதியின் மூலம் இதில்தான் இருக்கிறது என்று எனக்குப் புரிய ஒரு வாரம் பிடித்தது.

முழங்கை அலமாரி விளிம்பில் இடிக்காமல் கையை உள்ளே விட்டால் பத்துப் பன்னிரண்டு அங்குலம் வரை எதையும் தடவி எடுக்கலாம். அதற்கு அப்பால் இருப்பதை எடுக்க வேண்டுமானால் குனிய வேண்டும், முன்னால் இருப்பதை நகர்த்த வேண்டும், எட்டிப் பார்க்க வேண்டும். கண் தெரிகிறவர்களே பின்வரிசையில் இருப்பதை மறந்துபோகிறோம். உங்கள் அலமாரியின் பின்வரிசையை ஒரு நாள் காலி செய்து பாருங்கள். எப்போதோ வாங்கிய ஜவ்வரிசியும், மூடி திறக்காத ஊறுகாயும் நிச்சயம் கிடைக்கும். கண் தெரியாதவர்களுக்கு அந்தப் பின்வரிசை பாழுங்கிணறு. முன்னால் இருப்பதை நகர்த்தியவுடன் எல்லாவற்றின் இடமும் மாறிவிடுகிறது. அம்மா எடுத்த டப்பா, யாரோ எதையோ தேடியபோது பின்னாலிருந்து முன்னால் வந்த டப்பா.

முதலில் ஒரு கடைக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். லேசர் கருவியால் ஐந்து நிமிடத்தில் சமையலறை முழுவதையும் அளந்தார். கைக்கணினியில் வண்ணப்படம் காட்டினார். 1,85,000 ரூபாய் என்றார். படத்தில் எங்கள் சமையலறை பளபளவென்று இருந்தது. அதில் சமைக்கிறவர்கள் யாரும் இல்லை. “யார் சமைப்பார்கள்?” என்று அவர் கேட்கவும் இல்லை. இந்த விலைக்கு இவ்வளவு சின்ன அறையில் லாபம் குறைவுதான் என்று வேறு வருத்தப்பட்டுக்கொண்டார்.

நான் தேடியது ஆங்கிலத்தில் ஆர்கனைசர் என்று சொல்லப்படுகிற சமாச்சாரம். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன் என்பதால் இந்த மாதிரி வார்த்தை வந்தால் கை தானாக நிற்கும். ‘ஒழுங்குபடுத்தி’ என்று எழுதினால் ராணுவ உத்தரவு போல இருக்கிறது. ‘அடுக்குச் சட்டகம்’ என்றால் யாருக்கும் புரியாது. யோசித்துக்கொண்டே இருந்தபோதுதான் உறைத்தது. மொழிபெயர்க்க வேண்டியதே இல்லை, நம்மிடம் அந்தச் சாமானே இருந்தது. அஞ்சறைப் பெட்டி. திருநெல்வேலி வீட்டில் பலா மரத்தில் செய்த பெட்டி ஒன்று உண்டு. மேல் மூடி பக்கவாட்டில் நகரும். விளக்கு இல்லாத அடுக்களையில், அடுப்பிலிருந்து கண்ணை எடுக்காமல் அம்மா அதிலிருந்து கடுகை அள்ளுவாள். அன்றைக்கு அவளுக்குக் கண் நன்றாகத்தான் தெரிந்தது. ஆனால் பெட்டிக்கு அவள் கண் தேவைப்படவில்லை. எது எங்கே என்பது கைக்குத் தெரியும், அது இடம் மாறாது, பெட்டியே கைக்குப் பக்கத்தில் வந்துவிடும். எனக்கு வேண்டியதும் அதுதான். 21 அங்குலக் கிணற்றுக்குள் நீளமான ஓர் அஞ்சறைப் பெட்டி, இழுத்தால் வெளியே வர வேண்டும்.

மே மாதம் பலகை வாங்கப் போனேன். இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். சமையலறைக்கு, அதுவும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து அலமாரிக்கு, மலிவான ப்ளைவுட் வாங்காதீர்கள். துகள்களை ஒட்டிச் செய்த பலகையை வாங்கவே வாங்காதீர்கள். ஒரு தடவை குழாய் ஒழுகினால் அப்பம் மாதிரி உப்பிவிடும். ஐ.எஸ். 710 என்ற முத்திரை போட்ட ரகம் இருக்கிறது. கப்பல் பலகை என்று பேச்சு வழக்கில் சொல்வார்கள். 72 மணி நேரம் கொதிநீரில் போட்டும் அடுக்குகள் பிரியக்கூடாது என்பது அதற்குப் பரீட்சை. விலை அதிகம்தான். ஆனால் நமக்கு எட்டுக்கு நாலு அடி முழுப் பலகை தேவையில்லை. வெட்டிய மிச்சத் துண்டுகளைக் கடைக்காரர்கள் மூலையில் சாத்தி வைத்திருப்பார்கள். பேரம் பேசினால் கிடைக்கும். பக்கங்களுக்கு 12 மில்லிமீட்டர், தடுப்புகளுக்கும் அடிப்பாகத்துக்கும் 6 மில்லிமீட்டர் போதும்.

கடைக்காரர் பலகையைத் தட்டிக் காட்டி, “யமுனாநகர் சரக்கு சார்” என்றார். ஹரியானாவில் இருக்கும் அந்த ஊர் ப்ளைவுட் ஊராகப் பெருத்ததற்குப் பின்னால் ஒரு தீர்ப்பு இருக்கிறது. 1996 டிசம்பர் 12-ல், கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதற்குக் கடும் கட்டுப்பாடு விதித்தது. அதுவரை அசாம் பக்கத்துக் காட்டு மரத்தை நம்பியிருந்த ஆலைகள் பல முடங்கின. தொழில், வயல் வரப்பில் பாப்லர் மரம் வளர்க்கும் வட மாநில விவசாயிகளைத் தேடி வந்தது. தெற்கே கேரளத்தின் பெரும்பாவூரில் ரப்பர் மரத்தை வைத்து அதே தொழில் வளர்ந்தது. கோதுமை வயலின் ஓரத்தில் ஏழெட்டு வருடம் நின்ற மரம் எங்கள் வீட்டுக் கடுகுக்குக் கூடு ஆகப்போகிறது என்று நினைத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் செலவழித்து நானே ஒரு பெட்டி செய்தேன். அலமாரியின் உள் அகலத்தை அளந்தேன், 22 அங்குலம். பெட்டியை 21½ அங்குலத்துக்குச் செய்தேன். கதவைப் பொருத்தாத அலமாரியாக இருந்திருந்தால் அது அழகாக உள்ளே போயிருக்கும். கதவும் கதவைத் தாங்கும் கீலும் இரண்டு பக்கமும் முக்கால் முக்கால் அங்குலத்தை அடைத்துக்கொண்டிருந்தன. கதவைத் திறந்து கீலுக்குக் கீல் அளந்தால் 20½ தான். இந்த ஒன்றரை அங்குலம் எனக்கு மூன்று ஞாயிறு. நீங்கள் செய்வதானால் உள் சுவரை அளக்காதீர்கள், சாமான் நுழைகிற வாயை அளந்துகொள்ளுங்கள்.

பிறகுதான் மிஸ்திரியைக் கூப்பிட்டேன். தில்லியில் தச்சு ஆசாரிக்குப் பெயர் மிஸ்திரி. எங்கள் காலனி முனையில் காலையில் பையோடு உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவர். சஹாரன்பூர் பக்கத்துக்காரர். என் பெட்டியைப் புரட்டிப் பார்த்தார். “யார் செய்தது?” என்றார். “ஒரு நண்பர்” என்றேன். மரியாதைக்காகவோ என்னவோ, மேலே எதுவும் கேட்கவில்லை.

விஷயத்தைச் சொன்னேன். கண் தெரியாத அம்மா, இழுக்கிற பெட்டி, அறை அறையாகத் தடுப்பு. கேட்டுவிட்டு, “அம்மாஜி எங்கே?” என்றார். அலமாரியை அளக்கப்போகிறார் என்று நான் டேப்பை நீட்ட, அவர் வாங்கவில்லை. பால்கனியிலிருந்து அம்மாவை அழைத்துவரச் சொன்னார். அலமாரிக்கு முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு உட்காரச் சொல்லி, கையை உள்ளே விடச் சொன்னார். முழங்கை எங்கே நிற்கிறது, விரல் நுனி எங்கே தொடுகிறது என்று பென்சிலால் அலமாரியின் பக்கச் சுவரில் கோடு போட்டுக்கொண்டார். ஒரு பாட்டிலைக் கொடுத்து மூடியை எப்படிப் பிடிக்கிறாள் என்று பார்த்தார். பாட்டிலைச் சுற்றி விரல்கள் இறங்க எவ்வளவு இடம் வேண்டும் என்பது அவருக்குக் கணக்கு.

அம்மாவுக்கு இந்தி வராது. பதினோரு வருடம் இங்கே இருந்தும் “பஸ்”, “ஏக் கிலோ” தாண்டவில்லை. ஆனால் ஒரு வீட்டைக் கட்டி முடித்தவள். 1980-களில் அப்பா வெளியூர் வேலையில் இருந்தபோது, ஊரில் கொத்தனாரையும் ஆசாரியையும் வைத்து வேலை வாங்கியவள் அவள்தான். மிஸ்திரி விரித்துக் காட்டிய விரல் இடைவெளியைத் தடவிப் பார்த்துவிட்டு, என்னிடம், “ரெண்டு நூல் கூட வைக்கச் சொல்லுய்யா” என்றாள்.

தச்சு வேலையில் ஓர் அங்குலத்தை எட்டாகப் பிரித்தால் ஒரு பாகம் ஒரு நூல். நான், “தோ சூத்” என்று மொழிபெயர்த்தேன். வார்த்தை வாயை விட்டு வந்த பிறகுதான் கவனித்தேன். இந்தியில் சூத் என்றாலும் நூல்தான். அதே எட்டில் ஒன்று. சஹாரன்பூர் ஆசாரியும் திருநெல்வேலி ஆசாரியும் ஒரே இழையால் அளந்துகொண்டிருக்கிறார்கள். இதை மிஸ்திரியிடம் சொன்னபோது அவருக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. “வேறு எதால் அளப்பார்கள்?” என்றார். அதற்குப் பிறகு அம்மா விரலைக் காட்டி “நூல்” என்பதும் அவர் “சூத்” என்று தலையாட்டுவதுமாக அரைமணி நேரம் போயிற்று. மொழிபெயர்ப்பாளனுக்கு வேலை இல்லை. ஏப்ரலுக்குப் பிறகு அம்மா அவ்வளவு பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

செய்தது இதுதான். ஒரே அகலப் பெட்டி வேண்டாம், பாரம் தாங்காது, இழுப்பதும் சிரமம் என்று மிஸ்திரி அதை இரண்டாகப் பிரித்தார். ஒவ்வொன்றும் ஒன்பதரை அங்குல அகலம், 20 அங்குல நீளம், நாலு அங்குல உயரம். மேலே மூடி கிடையாது. நடுவில் முக்கால் அங்குலச் சட்டம் ஒன்று அலமாரித் தரையில் அடித்து, அதன் இரு பக்கமும் இரண்டு தட்டுகள். கீல் இருக்கும் பக்கங்களில் முக்கால் அங்குலக் கட்டையை வைத்து நிரவிவிட்டார். பெட்டி எப்போதும் நேராகவே வரும், கீலில் முட்டாது. மிச்சமிருந்த முக்கால் அங்குலம் தட்டுகளின் நான்கு பக்கத்துக்கும் இடைவெளியாகப் பிரிந்தது. எனக்கு அது அதிகமாகத் தோன்றியது. “மே மாதத்தில் அளக்கிறீர்கள், ஆகஸ்டில் இழுக்கப்போகிறீர்கள்” என்றார். தில்லி மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்துப் பெருக்கும் என்பது நமக்கெல்லாம் கதவு இறுகும்போதுதான் ஞாபகம் வரும்.

கடைகளில் விற்கிற இரும்புச் சறுக்குப் பட்டை எதையும் அவர் போடவில்லை. அது வேண்டாம் என்பதில்லை, பாரமான சாமானுக்கு அதுதான் சரி. ஆனால் மசாலா பாட்டிலுக்கு மரத்தின் மேல் மரம் சறுக்கினால் போதும். தட்டின் அடியிலும் சட்டத்திலும் மெழுகுவர்த்தியை அழுத்தித் தேய்த்தார். ஒரு விரலால் இழுத்தால் வந்தது. இதில் ஓர் ஆபத்து உண்டு. பாதிக்கு மேல் வெளியே வந்தால் தட்டு குப்புறச் சாய்ந்து காலில் விழும். ஆகவே தட்டின் மேல் விளிம்பை ஒட்டி, ஒரு நூல் இடைவெளி விட்டு, இரு பக்கமும் மெல்லிய சட்டம் ஒன்றை அடித்தார். பின்பக்கம் மேலே எழும்ப முயன்றால் அது அமுக்கிப் பிடித்துக்கொள்ளும். 13 அங்குலம் வெளியே வந்ததும் முட்டி நிற்க ஒரு கட்டை. உள்ளே மிஞ்சும் ஏழு அங்குலம் கைக்கு எட்டும் தூரம்தான்.

தடுப்புகளுக்கு ஆணியே கிடையாது. மூன்று அங்குல உயரப் பட்டைகளில் ஒன்றரை அங்குல ஆழத்துக்கு வெட்டு. நெடுக்குப் பட்டையில் மேலிருந்து, குறுக்குப் பட்டையில் கீழிருந்து. வெட்டின் அகலம் பட்டையின் தடிமன் அளவே இருக்க வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று இறங்கினால் ஆடாமல் நிற்கும், கழுவ வேண்டுமானால் மொத்தமாகத் தூக்கிவிடலாம். ஒரு தட்டில் எட்டு அறை, இரண்டிலும் சேர்த்துப் பதினாறு. வீட்டில் முயல்கிறவர்களுக்கு இந்த வெட்டு மட்டும்தான் பொறுமையைச் சோதிக்கும். முதலில் அட்டையில் வெட்டிப் பாருங்கள். மீதி எல்லாம் ஃபெவிகாலும் சின்ன ஆணியும்தான். ஒட்டியதை ஓர் இரவு அசைக்காமல் விட வேண்டும், அவ்வளவே. வெட்டிய ஓரங்களை உப்புத்தாளால் நன்றாகத் தேய்க்க மறக்காதீர்கள். கண்ணால் பார்ப்பவருக்குச் சிலாம்பு ஒரு பொருட்டில்லை. தடவிப் பார்த்து எடுப்பவருக்கு அது முள்.

மேல் பூச்சுக்கு அரக்கு பாலிஷ். அதையும் பத்து நாள் பால்கனியில் காற்றாடவிட்ட பிறகே உள்ளே வைத்தோம். புது வார்னிஷ் வாசனை மிளகாய்ப் பொடியில் ஏறினால் அந்த மாதம் முழுவதும் சாம்பாரில் அலமாரி மணக்கும்.

கண் நன்றாகத் தெரிகிறவர்கள் வீட்டில், கண் மட்டத்தில் இருக்கும் சுவர் அலமாரிக்கு இதைவிடச் சுலபமான வழி இருக்கிறது. மூன்று படி வைத்த சின்னக் கொலுப்படி. மூன்று அங்குல அகலம், இரண்டு அங்குல ஏற்றம். பின்வரிசைப் பாட்டில் முன்வரிசையின் தலைக்கு மேல் எட்டிப் பார்க்கும். பத்து நாள் பொம்மைக்குச் செய்கிற மரியாதையை வருடம் முழுக்க மிளகுக்கும் செய்யலாம்.

இனி நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும்.

சில வருடங்களுக்கு முன்னால் மொழிபெயர்த்த ஒரு கட்டுரையில், மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி என்ற ஆஸ்திரியக் கட்டடக் கலைஞர் வருவார். 1926-ல் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக அவர் வடிவமைத்த சமையலறைதான் இன்றைய அடுக்கு மாடிச் சமையலறைகளுக்கு மூதாதை. ஆறேகால் அடிக்குப் பதினோரு அடி. நடக்கிற தூரத்தைக் கணக்கிட்டு, கை எட்டும் தூரத்தைக் கணக்கிட்டு எல்லாவற்றுக்கும் இடம் வைத்தார். அரிசிக்கும் சர்க்கரைக்கும் பெயர் பொறித்த அலுமினிய இழுப்பறைகள். மாவுக்கு மட்டும் ஓக் மரம், அதன் துவர்ப்புக்குப் பூச்சி வராது என்பதால். மொழிபெயர்த்தபோது அந்த நுணுக்கத்தை வியந்திருக்கிறேன். இதைச் செய்வதற்கு முன் தான் ஒரு நாளும் சமைத்ததில்லை என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார் என்ற வரி அப்போது என் கையைத் தாண்டிப் போய்விட்டது. பெட்டியை அடுக்கி முடித்த அன்றுதான் திரும்பி வந்தது.

தட்டுகள் உள்ளே போனதும் அடுக்கும் வேலையை நான் எடுத்துக்கொண்டேன். ஒரே அளவுப் பாட்டில்கள். ஒவ்வொரு வரிசைக்கும் நேராகத் தட்டின் விளிம்பில் தலை பெருத்த பித்தளை ஆணிகள். முதல் வரிசைக்கு ஒன்று, அடுத்ததற்கு இரண்டு, மூன்று, நான்கு. விரலால் தடவினால் எந்த வரிசை என்று தெரியும். இதுவரை சரி. சாமான்களை எந்த முறைப்படி வைப்பது? அம்மா மனப்பாடம் செய்யச் சுலபமாக இருக்க வேண்டும் அல்லவா? அகர வரிசைப்படி வைத்தேன். உளுத்தம்பருப்பு, கடலைப்பருப்பு, கடுகு, சீரகம், தனியா, பெருங்காயம், மஞ்சள்தூள், மிளகாய் வற்றல், மிளகு, வெந்தயம். தமிழ் எம்.ஏ. படித்தவனைத் தவிர வேறு யாருக்கும் இந்த யோசனை வந்திருக்காது.

அம்மாவை முக்காலியில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டினேன். தடவிக்கொண்டே வந்தாள். தனியாவைத் தாண்டும்போது கை நின்றது.

“எய்யா, இது யாருக்குச் செஞ்ச பெட்டி? எனக்கா, ஒனக்கா?”

“உனக்குத்தான்மா. அ, ஆ வரிசைல வச்சிருக்கேன். ஞாபகம் வச்சுக்க லேசா இருக்கும்ல?”

“எண்ணெய் காஞ்சிட்டு இருக்கும்போது நான் அ, ஆ சொல்லிட்டா இருப்பேன்?”

எல்லாப் பாட்டில்களையும் வெளியே எடுக்கச் சொன்னாள். ஒவ்வொன்றாக மூடி திறந்து முகர்ந்து பார்த்துவிட்டு அவளே வைக்க ஆரம்பித்தாள். வலது தட்டில் முதல் வரிசை கடுகு, உளுத்தம்பருப்பு. இரண்டாவது மிளகாய் வற்றல், பெருங்காயம். மூன்றாவது சீரகம், மஞ்சள்தூள். கடைசியில் வெந்தயமும் ஓமமும். எண்ணெயில் எது முதலில் விழுமோ அது கைக்குக் கிட்டே. எப்போதாவது தேடுவது தள்ளி. பொடிகளும் மிளகும் தனியாவும் இடது தட்டுக்குப் போயின. தாளிக்கிற வரிசை அவள் கையில் 55 வருடமாக இருக்கிறது. நான் அதை அழித்துவிட்டுப் புதிதாக ஒன்றைக் கற்றுக்கொடுக்கப் பார்த்திருக்கிறேன்.

உப்பைப் பெட்டிக்குள் அனுமதிக்கவே இல்லை. உப்பு ஈரத்தை இழுக்கும், மரமும் கெடும், ஆணியும் பச்சை பிடிக்கும் என்றாள். அது வழக்கம்போல மேடை மேல் பீங்கான் ஜாடியில். அதைவிட முக்கியம், உப்புக்கும் சர்க்கரைக்கும் நடுவே இப்போது ஒரு மேடையின் தூரம் இருக்கிறது. ஆப்பச் சோடாவை இடது தட்டில் கடைசி மூலைக்குத் தள்ளிவிட்டாள். மிச்சமிருந்த இரண்டு அறைகளைக் காலியாகவே வைக்கச் சொன்னாள். “வீட்டுக்கு யாராவது வந்து, எடுத்ததை எங்க வைக்கிறதுன்னு தெரியலன்னா இதுல போடட்டும். மத்ததுல கை வைக்கக்கூடாது.”

மனைவி ஒரு நிபந்தனை போட்டாள். சாப்பிடக்கூடாத எதுவும் சமையலறைக்குள் இருக்கக்கூடாது. போரிக் பவுடரும் பினாயிலும் குளியலறைப் பரணுக்குப் போயின. அரிசி மாவும் கோதுமை மாவும் வாய் அகலமான இரண்டு வேறு வேறு பாத்திரங்களுக்கு மாறின. ஒன்று பித்தளை, ஒன்று எவர்சில்வர். தொட்ட உடனே தெரியும். இதை முதலிலேயே செய்திருக்கலாம். ஆனால் அன்றைய பயத்தில் அம்மாவை வெளியேற்றுவது சுலபமாகத் தோன்றியதே தவிர, டப்பாவை வெளியேற்ற வேண்டும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

செலவைக் கேட்பீர்கள். பலகைத் துண்டுகள் 1,450 ரூபாய். ஆணி, பசை, அரக்கு, உப்புத்தாள் எல்லாம் 380. மிஸ்திரியின் ஒரு நாள் கூலி 1,200. மொத்தம் 3,030. என் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளைச் சேர்க்கவில்லை. ‘நண்பர்’ செய்த அந்த முதல் பெட்டியில் இப்போது மகளின் கிரிக்கெட் பந்துகள் இருக்கின்றன.

ஆகஸ்டில் தட்டுகள் இறுகின. இடதுபுறத் தட்டு கொஞ்சம் அதிகம். மிஸ்திரி வந்து இழைப்புளியால் அரை நூல் சீவிவிட்டு, மறுபடி மெழுகு தேய்த்தார். காசு வாங்கவில்லை. அம்மா அவரைச் சாப்பிடாமல் போகவிடவில்லை. ரசத்தை டம்ளரில் வாங்கிக் குடித்துவிட்டு, என்ன போட்டிருக்கிறது என்று கேட்டார். அம்மா பதில் சொல்லாமல் வலது தட்டை இழுத்து வரிசையாகத் தொட்டுக் காட்டினாள்.

எண்ணெய்ச் சட்டி வைத்துப் பொரிக்கிற வேலையை இப்போதும் அம்மாவிடம் விடுவதில்லை. கேஸ் அடுப்பைப் பற்ற வைக்கும்போது யாராவது பக்கத்தில் இருப்போம். காலைச் சமையலும் ராத்திரி ரசமும் அவளுடையவை. புதிய சங்கடம் என்னவென்றால், பாட்டில்களில் சீட்டு ஒட்ட வேண்டாம் என்று அவள் சொல்லிவிட்டதால், எது எங்கே என்று எங்களுக்குத்தான் தெரிவதில்லை. போன வாரம் மின்சாரம் போன ஒரு மாலையில் மனைவி அலமாரி முன்னால் குனிந்து நின்று குரல் கொடுத்தாள்.

“அத்தை, சீரகம் எங்க இருக்கு?”

பால்கனியிலிருந்து பதில் வந்தது.

“வலது தட்டு. மூணு ஆணி. வெளக்கெல்லாம் தேடாத, தடவிப் பாரு.”